‘வேகம் போதாது’ என்று எழுதப்பட்ட ஒரு லெஃப்ட் ஹாஃப்: நிகழ்வு ஆய்வு

ஒரு ஹாக்கி ஆட்டக்காரரின் ஓட்டம் போதுமா போதாதா என்று எங்கள் பக்கத்தில் ஒரு கோடை முழுக்க விவாதம் நடந்தது. அவருடைய நிரந்தர வேலை அந்த ஒரு கேள்வியில்தான் இருந்தது. என்ன பார்த்தோம், என்ன முடிவெடுத்தோம், அது எங்கே கொண்டுபோய் விட்டது என்பதை மற்ற பயிற்சியாளர்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன். ஆட்டக்காரரின் சம்மதம் வாங்கியிருக்கிறேன். அவர் பெயர், அவருடைய அலுவலகம், நாங்கள் ஆடிய போட்டி ஆகியவற்றை விட்டுவிட்டேன். நான் அந்த உள்ளூர் அணியின் துணைப் பயிற்சியாளர்.

பின்னணி

1986-ல் மாவட்டம் பிரிந்து கோவில்பட்டி தூத்துக்குடிப் பக்கம் போய்விட்டாலும், ஹாக்கியைப் பொறுத்தவரை நெல்லைச் சீமைக்கு இன்றும் அதுதான் தலைநகரம். 2022 ஆசியக் கோப்பையில் ஆடிய இந்திய அணியில் இருந்த மாரீஸ்வரன் சக்திவேல் இந்த ஊர்க்காரர். அதே அணியில் இருந்த கார்த்தி செல்வம் அரியலூரிலிருந்து வந்து இங்கே பயிற்சி எடுத்தவர். காலை ஆறு மணிக்கு டர்ஃபுக்கு, அதாவது செயற்கைத் தரை மைதானத்துக்குப் போனால் ஸ்டிக் பையோடு சைக்கிளில் வரும் பிள்ளைகளைப் பார்க்கலாம். அதில் பெரும்பாலோருக்கு ஹாக்கி என்பது ஒரு அரசு வேலைக்கோ அலுவலக அணிக்கோ போகும் வழி. அதில் தப்பு எதுவும் இல்லை. இந்த வழியில் குடும்பத்தையே கரையேற்றியவர்கள் இங்கே நிறையப் பேர்.

இந்த ஆட்டக்காரருக்கு அப்போது 23 வயது. கயத்தாறு பக்கம் ஒரு கிராமம். அப்பா தீப்பெட்டி ஆலையில் லோடு ஏற்றுபவர். பள்ளியில் மண் தரையில் ஆடி வளர்ந்து, பிறகு விளையாட்டு விடுதிக்குப் போய், கல்லூரி முடித்ததும் சென்னையில் ஒரு அலுவலக அணியில் ஒப்பந்த ஆட்டக்காரராகச் சேர்ந்தார். மாதா மாதம் உதவித்தொகை வரும். ஆட்டம் திருப்தியாக இருந்தால் பணி நிரந்தரம் ஆகும். இல்லையென்றால் ஒப்பந்தம் முடிந்ததும் வீட்டுக்கு வர வேண்டியதுதான். அவர் ஆடும் இடம் லெஃப்ட் ஹாஃப். இடது ஓரத்தில் நின்று, எதிரணியின் வலது ஓரத்தில் ஏறி வரும் ரைட் விங்கைத் தடுக்கும் இடம்.

முதல் சீசன் முடிந்ததும் அலுவலக அணியில் ஒருவர் எழுதிய மதிப்பீட்டில் இரண்டே வரி இருந்தது: ஆட்ட அறிவு நன்று, வேகம் போதாது. அணி மேலாளர் நியாயமான மனிதர். எங்கள் தலைமைப் பயிற்சியாளருக்கு போன் போட்டு, “பையன் லீவுல ஊருக்கு வரான். கோடைப் போட்டி முடியிற வரைக்கும் உங்ககிட்ட இருக்கட்டும். பார்த்துட்டு ஒரு வார்த்தை சொல்லுங்க” என்றார்.

விவாதம்

மைதானத்தை ஒட்டிய சாமான் அறையில் முதல் பேச்சு நடந்தது. தலைமைப் பயிற்சியாளர், ஆட்டக்காரரைப் பள்ளியில் வளர்த்த பி.டி. ஆசிரியர், ரயில்வேக்கு ஆடி ஓய்வு பெற்ற மூத்த ஆட்டக்காரர் ஒருவர், நான். மூத்தவரை ஊரே அண்ணாச்சி என்றுதான் கூப்பிடும்.

பி.டி. ஆசிரியருக்குக் கோபம். “ஸ்கூல்ல நானூறு மீட்டர் ஓடுன பையன் சார். அவனப் போயி ஸ்லோன்னு எழுதிருக்காங்க.”

“நானூறு மீட்டர் வேற, இது வேற சார்,” என்றார் தலைமைப் பயிற்சியாளர். “விங் ஒரு தடவ தாண்டிட்டான்னா இவன் பின்னாலயே போறான். புடிக்கவே மாட்டேங்கான். டீக்குள்ள பந்து வந்த பெறகு என்ன ஆட்ட அறிவு?” டீ என்பது கோலுக்கு முன்னால் இருக்கும் அரைவட்டம்.

அண்ணாச்சி இரண்டு பக்கமும் சாயவில்லை. “வேகம் காணாதுங்கது வாஸ்தவம். ஆனா ஆட்டம் தெரிஞ்சவனுக்கு எதுக்கு வே அம்புட்டு ஓட்டம்?” என்று கேட்டுவிட்டு, ஐஸ் ஹாக்கியில் இருந்து ஒரு உதாரணம் எடுத்தார். அவர் மகன் டொராண்டோவில் இருக்கிறார். அங்கே போய் வந்ததில் இருந்து அண்ணாச்சிக்கு அந்த ஆட்டத்தின் மேல் தனி ஈடுபாடு. கனடாவில் ஒரு ஆட்டக்காரனைப் பற்றிப் பேச்செடுத்தாலே முதல் கேள்வி அவன் ஸ்கேட்டிங் எப்படி என்பதுதானாம். லூக் ராபிடெய்ல் என்ற ஆட்டக்காரரின் ஸ்கேட்டிங் மேல் எல்லோருக்கும் சந்தேகம் இருந்ததால், 1984-ல் வட அமெரிக்காவின் பெரிய ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல். அணிகள் ஆள் எடுத்தபோது 171-வது ஆளாகத்தான் அவரை எடுத்தார்கள். அவர் 668 கோல் அடித்துவிட்டு ஓய்வு பெற்றார். 2009-ல் சாதனையாளர்களுக்கான ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள்.

தலைமைப் பயிற்சியாளரின் பதில் எனக்கு இன்றும் சரியாகவே படுகிறது. “அவரு ஃபார்வர்டு, அண்ணாச்சி. எங்க போயி நிக்கணும்ங்கத அவரே முடிவு பண்ணுவாரு. நம்மாளு லெஃப்ட் ஹாஃப். எதிராளி போற எடத்துக்கு இவன் போயாகணும்.”

தடுப்பாட்டக்காரனின் ஓட்டத்தை ஃபார்வர்டின் ஓட்டத்தோடு வைத்துப் பேச முடியாதுதான். ஆனால் ராபிடெய்ல் கதையால் வேறொரு நல்லது நடந்தது. ஐஸ் ஹாக்கியில் ஸ்கேட்டிங் என்று ஒரே சொல்லில் சொன்னாலும், விஷயம் தெரிந்தவர்கள் அதைப் பிரித்துத்தான் பார்ப்பார்கள் என்று அண்ணாச்சி விளக்கினார். நேராகப் போகும் வேகம் ஒன்று. நின்ற இடத்திலிருந்து முதல் இரண்டு மூன்று தள்ளு இன்னொன்று. பிளேடின் ஓரத்தில் சாய்ந்து வளைவது வேறு. தடுப்பாட்டக்காரன் எதிராளியைப் பார்த்தபடியே பின்னோக்கிச் சறுக்கி, சட்டென்று திரும்பி முன்னோக்கி ஓடுவது எல்லாவற்றையும் விடக் கஷ்டமாம். அதைக் கேட்டதும் நாங்கள் பேசிக்கொண்டிருந்ததில் இருந்த குறை தெரிந்தது. நாங்களும் அந்த மதிப்பீட்டை எழுதியவரும் ‘வேகம்’ என்ற ஒரே சொல்லில் நான்கைந்து விஷயங்களைப் போட்டுக் குழப்பிக்கொண்டிருந்தோம்.

லெஃப்ட் ஹாஃபின் சிரமம்

இதைச் சொல்லாமல் மேலே போனால் பின்னால் வருவது புரியாது. ஹாக்கி ஸ்டிக்கின் உருண்டையான பின்பக்கத்தால் பந்தை ஆடக் கூடாது. அதனால் எல்லோருக்கும் வலது பக்கம் பலம், இடது பக்கம் ரிவர்ஸ், அதாவது ஸ்டிக்கைத் திருப்பிப் பிடித்து ஆட வேண்டிய பலவீனமான பக்கம். ரைட் ஹாஃபுக்கு வெளிப்பக்கம், அதாவது சைடு லைன் பக்கம், பலமான பக்கம். லெஃப்ட் ஹாஃபுக்கோ சைடு லைன் பக்கம் முழுக்க ரிவர்ஸ். எதிரணி ரைட் விங் பந்தைத் தன் வலது பக்கம் வைத்து லைனை ஒட்டி ஓடினால், லெஃப்ட் ஹாஃப் இடது தோள் பக்கமாகத் திரும்பிப் பின்னால் ஓட வேண்டும். 1990-களின் பிற்பாதியில் ஆஃப்சைடு விதி போன பிறகு இந்தத் திரும்பி ஓடும் வேலை கூடிப்போயிற்று. தடுப்பாட்டக்காரருக்குப் பின்னால் 40 மீட்டர் காலி இடம் கிடந்தாலும் எதிரணி அங்கே ஆளை நிறுத்தி வைக்கலாம்.

மண் தரைக்கும் டர்ஃபுக்கும் உள்ள வித்தியாசத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். மண்ணில் பந்து குதிக்கும், நிற்கும், ஆளுக்கு ஒரு நொடி கிடைக்கும். தண்ணீர் விட்ட டர்ஃபில் பந்து வழுக்கிக்கொண்டு போகும். 1976 மாண்ட்ரீல் ஒலிம்பிக்கில் முதன்முதலாகச் செயற்கைத் தரை போட்டபோது இந்தியா ஏழாவது இடத்துக்குப் போனது. அந்த அதிர்ச்சியைத் தனித்தனி ஆட்டக்காரர்கள் இன்னும் ஒவ்வொருவராகச் சந்தித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பார்த்தவை

முதலில் வழக்கமான சோதனைகள். 30 மீட்டர் நேர் ஓட்டத்தில் அவர் அணியின் கடைசி மூன்று பேரில் ஒருவர். தலைமைப் பயிற்சியாளர் என்னைத் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. யோ-யோ சோதனையில், அதாவது 20 மீட்டர் போய் 20 மீட்டர் திரும்பி, 10 நொடி ஓய்வெடுத்து, வேகம் கூடக் கூட ஓடும் சோதனையில், அவர் முதல் சிலரில் ஒருவராக நின்றார். ஆக மூச்சுக்குக் குறைவில்லை.

அடுத்து ஆட்ட வீடியோ. கேலரியின் மேல்படியில் ஸ்டாண்டு வைத்து போனில் எடுத்தோம். பந்தைப் படம் பிடிக்காமல், அவரையும் அவர் எதிரில் வரும் விங்கையும் மட்டும் சட்டத்துக்குள் வைக்கச் சொன்னேன். கேமராவைப் பிடித்திருந்த பையனுக்கு இது பெரிய சோதனை. பந்து போகும் பக்கம்தான் கை தானாகப் போகும். ஆனால் இந்த வேலைக்கு அந்தப் படம்தான் உதவியது.

பயிற்சி ஆட்டங்களின் வீடியோவில் விங் அவரைத் தாண்டிய இடங்களை மட்டும் வெட்டி எடுத்து, மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். உள்பக்கமாக, அவருடைய வலது பக்கம், போனவர்களை அவர் ஏறக்குறைய எப்போதும் பிடித்துவிட்டார். தாண்டியவர்கள் எல்லாம் லைன் பக்கம் போனவர்கள். அதற்கும் மேலே ஒன்று: விங் தாண்டும் அந்த நேரத்தில் இவருடைய இரண்டு பாதங்களும் ஒரே கோட்டில், பலகையில் நிற்பது மாதிரி நின்றன. முழங்கால் மடியவில்லை. ஸ்டிக் தரையிலிருந்து ஒரு முழம் மேலே. விங் அடி எடுத்து வைத்த பிறகு இவர் முதலில் குனிந்து, அப்புறம் எடையை மாற்றி, அப்புறம் திரும்புகிறார். அதற்குள் இரண்டு மூன்று மீட்டர் போய்விடுகிறது. திரும்பி முடித்த பிறகு அந்த இடைவெளி பெரும்பாலும் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. கேலரியில் இருந்து பார்ப்பவருக்கு ஒருவன் முன்னால் ஓடுகிறான், இன்னொருவன் பின்னால் துரத்துகிறான், பிடிக்கவில்லை என்றுதான் தெரியும். ‘வேகம் போதாது’ என்று எழுதியவர் பார்த்ததும் இந்தக் காட்சியைத்தான் என்று நினைக்கிறேன். அவர் பொய் எழுதவில்லை. இடைவெளி எங்கே விழுந்தது என்பதைப் பார்க்கவில்லை.

இதை உறுதிப்படுத்த இன்னொரு சோதனை வைத்தோம். 15 மீட்டர் ஓடி, கோட்டில் கால் வைத்துத் திரும்பி, 5 மீட்டர் திரும்ப ஓட வேண்டும். திரும்பும் இடத்துக்கு முன்பின் உள்ள ஐந்து மீட்டருக்கு மட்டும் நேரம் எடுக்க வேண்டும். ஒரு முறை இடது கால் ஊன்றி, ஒரு முறை வலது கால் ஊன்றி. இடது கால் ஊன்றியபோது அவர் அணியின் நடுவில் இருந்தார். வலது கால் ஊன்றியபோது கடைசி. அதுவும் கோட்டுக்கு வருமுன்பே சின்னச் சின்ன அடியாகப் போட்டு வேகத்தைக் குறைத்துக்கொண்டார். காலை ஊன்றவே யோசிக்கிறார் என்பது அப்போது பளிச்சென்று தெரிந்தது.

கணுக்கால்

“தம்பி, வலது கால்ல அடி கிடி பட்டிருக்கா?” என்று கேட்டேன்.

“ஸ்கூல்ல சுளுக்குனது சார். பழசு. இப்ப ஒண்ணும் இல்ல சார்.”

பி.டி. ஆசிரியருக்கு நினைவிருந்தது. பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு மண்டலப் போட்டியில் கால் பிசகி வீங்கியதும், எண்ணெய் போட்டு நீவி, துணி சுற்றிக்கொண்டு அடுத்த ஆட்டத்துக்கே இறங்கியதும். நம் பக்கத்தில் கணுக்கால் சுளுக்கை யாரும் அடி என்றே எண்ணுவதில்லை. வீக்கம் வற்றினால் குணமாகிவிட்டது என்று அர்த்தம்.

பாளையங்கோட்டையில் எங்களுக்குத் தெரிந்த பிசியோதெரபிஸ்ட் ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். அவர் செய்த முதல் சோதனைக்குச் சுவர் ஒன்று போதும். சுவரைப் பார்த்து நின்று, குதிகால் தரையை விட்டு எழாமல் முழங்காலை மடக்கிச் சுவரைத் தொட வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகப் பாதத்தைப் பின்னுக்கு நகர்த்திக்கொண்டே போய், எந்தத் தூரம் வரை தொட முடிகிறது என்று அளக்க வேண்டும். இடது பாதத்தில் ஐந்து அங்குல தூரத்திலும் முழங்கால் சுவரைத் தொட்டது. வலது பாதத்தில் இரண்டு அங்குலம் தாண்டியதும் குதிகால் தூக்கிவிட்டது. ஒற்றைக் காலில் கண்ணை மூடி நிற்கச் சொன்னபோது வலது கால் உடனே ஆடியது.

இதிலிருந்து எல்லாம் கோவையாக வந்தது. கணுக்கால் முன்பக்கம் மடங்கவில்லையென்றால் முழங்காலை மடக்கித் தாழ்ந்து நிற்க முடியாது. உடம்பு தானாக நிமிர்ந்துவிடும். இடது பக்கம் திரும்பிப் பாய வலது காலால்தான் தள்ள வேண்டும். அந்தக் காலை அவர் நம்பவில்லை. லெஃப்ட் ஹாஃப் இடத்தில் இந்த இரண்டு குறையும் மறைக்க முடியாத இடத்தில் வந்து நின்றன. வேறு இடத்தில் ஆடியிருந்தால் இவ்வளவு வெளியே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம்.

முடிவுகளும் காரணங்களும்

தலைமைப் பயிற்சியாளர் முதலில் கேட்டது நேர் ஓட்டப் பயிற்சி. தினமும் ஸ்பிரிண்ட், மணல் மூட்டை இழுப்பு. நான் வேண்டாம் என்றேன். 23 வயதில் நேர் வேகம் சில வாரங்களில் பெரிதாகக் கூடாது. நொண்டும் கணுக்காலோடு ஸ்பிரிண்டைக் கூட்டினால் தொடைத் தசையில் பிடிப்பு வரும் அபாயமும் உண்டு. கொஞ்சம் வாக்குவாதத்துக்குப் பிறகு, ஸ்பிரிண்ட் வாரத்தில் இரண்டு நாள் போதும் என்று ஒத்துக்கொண்டார்.

மீதி நேரத்தில் கணுக்கால் வேலை. பிசியோ கொடுத்த பயிற்சிகளைக் காலையில் மற்றவர்கள் வருமுன் செய்தார்: படியில் குதிகாலை இறக்கி ஏற்றுவது, ஒற்றைக் காலில் நின்று பந்தை வாங்கித் தள்ளுவது, பிறகு சின்னத் துள்ளல்கள். ஷூவையும் மாற்றினோம். அடிப்பாகம் வழுவழுவென்று தேய்ந்துபோன ஓட்ட ஷூவில்தான் அவர் டர்ஃபில் ஆடிக்கொண்டிருந்தார். வழுக்கும் ஷூவில் கால் ஊன்ற யாருக்கும் பயம்தான்.

நிற்கும் விதத்தை மாற்றியது மூன்றாவது முடிவு. எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். விங்குக்கு நேர் எதிரே நிற்காமல், அரை ஆள் லைன் பக்கம் தள்ளி, இடது காலை முன்னும் வலது காலைப் பின்னும் வைத்து நிற்கச் சொன்னோம். அப்போது லைன் அடைபடும். விங் உள்பக்கம்தான் வர முடியும். அது இவருடைய பலமான பக்கம், நடுவில் ஆடும் சென்டர் ஹாஃபின் உதவியும் கிட்டே இருக்கும். லெஃப்ட் ஹாஃப் உள்ளே விடலாமா, வெளியே தள்ளலாமா என்பதில் பயிற்சியாளர்களுக்குள் இரண்டு கட்சி உண்டு. உள்ளே விட்டால் டீக்கு வழி திறக்கிறது என்பது தலைமைப் பயிற்சியாளரின் கட்சி. இந்த ஆட்டக்காரருக்கு மட்டும், சென்டர் ஹாஃப் ஐந்து மீட்டர் பின்னால் இருப்பார் என்ற நிபந்தனையோடு, சம்மதித்தார்.

இன்னொன்றும் செய்தோம். அணியில் யாரும் அவரிடம் ‘ஸ்லோ’ என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்று சொன்னேன். அந்த மதிப்பீட்டைப் படித்ததிலிருந்து, விங் வருமுன்பே பயந்து பின்னால் போய்விடுவார். விங் எந்தத் தடையும் இல்லாமல் பந்தை வாங்கித் திரும்புவான். எட்ட நின்று பாதுகாக்கிறோம் என்று அவர் நினைத்தார். அது எதிராளிக்கு ஓடி வேகம் எடுக்க இடம் கொடுத்தது.

பிறகு நடந்தது

கணுக்கால் ஒரே மாதத்தில் சரியாகவில்லை. இரண்டு அங்குலம் மூன்றரை ஆனது, அங்கேயே நின்றது. வலது கால் ஊன்றித் திரும்பும் நேரம் குறைந்து இடது காலுக்குக் கிட்டே வந்தது. 30 மீட்டர் ஓட்டத்தில் சொல்லிக்கொள்ளும் மாற்றம் எதுவும் இல்லை. கடைசி மூன்று பேரில்தான் இன்னமும் இருந்தார்.

போட்டியில் முதல் ஆட்டங்கள் நன்றாகப் போயின. லைன் பக்கம் தாண்டியவர்கள் அரிது. ஒரு ஆட்டத்தில் எதிரணி விங் மூன்று முறை உள்ளே வர, மூன்று முறையும் இவர் பந்தைப் பறித்து உடனே முன்னால் தள்ளியதில் ஒன்று எங்களுக்குப் பெனால்டி கார்னராக முடிந்தது. கேலரியில் அண்ணாச்சி எழுந்து நின்று கைதட்டினார்.

காலிறுதியில் நிலைமை வேறு. எதிரணி ரைட் விங் உண்மையிலேயே வேகமானவர். நான்காவது குவார்ட்டரில் எங்கள் சென்டர் ஹாஃப் களைத்து முன்னாலேயே நின்றுவிட, உள்பக்கம் யாரும் இல்லை. விங் உள்ளே வந்து, இவரைச் சுற்றி ஓடியே கோல் போட்டார். அதில் நிற்கும் விதத்தில் எந்தத் தப்பும் இல்லை. நேர் வேகத்தில் ஒருவர் மற்றவரை வென்றார், அவ்வளவுதான். தோற்று வெளியே வந்தோம். “நான் சொன்னேன்லா” என்று தலைமைப் பயிற்சியாளர் சொன்னபோது அதில் பாதி உண்மை இருந்தது. மறுபாதி, அந்த இடத்தில் சென்டர் ஹாஃப் இல்லாதது.

அலுவலக மேலாளருக்கு அனுப்பிய கடிதத்தில் இரண்டையும் எழுதினோம். நேர் வேகம் சராசரிக்குக் கீழே, அது பெரிதாக மாறப் போவதில்லை. திரும்பும் வேகத்தில் இருந்த குறைக்குக் காரணம் பழைய கணுக்கால் காயம். அது மாறிக்கொண்டிருக்கிறது, இன்னும் சில மாதம் வேலை வேண்டும். சென்டர் ஹாஃப் இடத்தில் வைத்துப் பார்க்கலாம். அங்கே ரிவர்ஸ் பக்கம் லைன் இல்லை, இரண்டு பக்கமும் துணை உண்டு, ஆட்டத்தைப் படிக்கும் திறன் அதிகம் உதவும். சுவர்ச் சோதனையின் அளவையும், வெட்டி எடுத்த வீடியோவையும் சேர்த்தே அனுப்பினோம்.

பணி நிரந்தரம் கிடைக்கவில்லை. ஒப்பந்தத்தை ஒரு சீசன் நீட்டித்தார்கள். சென்னைப் பிசியோ ஒருவரிடம் சிகிச்சைக்கும் ஏற்பாடு செய்தார்கள். இதை எழுதும்போது அவர் அங்கே சென்டர் ஹாஃபாக ஆடுகிறார். பெரும்பாலும் இரண்டாவது, மூன்றாவது குவார்ட்டரில் இறக்குகிறார்கள். பி.டி. ஆசிரியருக்கு இது போதவில்லை. ஆட்டக்காரரின் அப்பாவுக்கு, பையனை வீட்டுக்கு அனுப்பவில்லை என்பதே பெரிய ஆறுதல்.

இனி மாற்றுவது

எங்கள் தேர்வுத் தாளில் ‘வேகம்’ என்று ஒரே ஒரு கட்டம் இருந்தது. அதை எடுத்துவிட்டு நேர் ஓட்டம், முதல் அடி, இடப்பக்கத் திருப்பம், வலப்பக்கத் திருப்பம் என்று நான்கு கட்டம் போட்டிருக்கிறோம். சுவர்ச் சோதனையை விடுதியில் சேரும் எல்லாப் பிள்ளைகளுக்கும் வைக்கிறோம்; ஆளுக்கு இரண்டு நிமிடம்கூட ஆகாது, ஒரு அளவு நாடா போதும். இடது வலது வித்தியாசம் கூடுதலாக இருந்தால் பிசியோ பார்த்த பிறகே ஸ்பிரிண்ட். சுளுக்கு வந்த பிள்ளையை வீக்கம் வற்றியதும் ஆடவிடும் வழக்கத்தை நிறுத்தச் சொல்லிப் பள்ளி ஆசிரியர்களோடு பேசிக்கொண்டிருக்கிறோம். அது மெதுவாகத்தான் நடக்கிறது. மண்டலப் போட்டி வாரத்தில் ஒரு நல்ல ஆட்டக்காரனை வெளியே உட்கார வைக்க எந்தப் பள்ளிக்கும் மனசு வராது.

வீடியோவில் தாண்டிய இடங்களை மட்டும் பார்க்காமல், அதற்கு ஐந்து நொடி முன்னாலிருந்து பார்க்க வேண்டும் என்று நான் கேட்டிருக்கிறேன். தலைமைப் பயிற்சியாளருக்கு இதில் முழுச் சம்மதம் இல்லை. கோடைப் போட்டிக்கு முன் நூறு பிள்ளைகளைத் தேர்வு செய்யும்போது இவ்வளவு நேரம் எங்கே இருக்கிறது என்று கேட்கிறார். அது நியாயமான கேள்வி. அதனால் இந்த ஆண்டு தடுப்பாட்டக்காரர்களுக்கு மட்டும், அதுவும் கடைசிச் சுற்றுக்கு வந்தவர்களுக்கு மட்டும், இந்த முறையில் பார்ப்பது என்று பேசி முடித்திருக்கிறோம். கேமரா பிடிக்க அதே பையன் வருகிறான்.